சபாபதி மாமாவின் கடைசிப் பிறப்பு

உரும்பிராயில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கனகசபாபதி மாமாவுக்கு இது கடைசிப் பிறப்பு. அதை அவரே சொல்லுவார். கேட்காமலே சொல்லுவார். சைக்கிள் பம்ப் இரவல் கேட்டுப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பம்பைத் தருவார்.

"கொண்டு போ பிள்ளை. திருப்பித் தராட்டிலும் பரவாயில்லை. எனக்கென்ன, இன்னொருக்கா பிறந்து வந்தே காத்தடிக்கப் போறன்?"

ஆதாரம் அவருடைய சாதகம். லக்கினத்துக்குப் பன்னிரண்டாம் வீட்டில் கேது. அப்படி இருந்தால் மறுபிறப்பு இல்லை, நேரே மோட்சந்தான் என்று எங்கள் பகுதிச் சாத்திரிமார் எல்லாரும் ஒருவாயாகச் சொல்லுவார்கள். அவர்கள் ஒருவாயாகச் சொல்லுகிற விஷயம் வேறொன்றும் இல்லாததால் ஊரும் அதை நம்பியது. மற்றவர்கள் விரதம் பிடித்து, காவடி எடுத்து, நல்லூர் வீதியில் உருண்டு தேடுகிற ஒன்று மாமாவுக்கு ஓர் ஓலையில் எழுதிப் பெட்டகத்துக்குள் கிடந்தது.

அதற்காக அவர் சோம்பேறி இல்லை. ஏழு பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் அவர் கையால்தான் விளைந்தன. ஆனால் எதற்கும் பதறமாட்டார். எண்பத்தேழில் எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்து சனமெல்லாம் கோவிலுக்கு ஓடியபோது, மாமா பல் விளக்கி முடித்து, முகம் துடைத்து, துவாயைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார். "ஓடுறவை ஓடுங்கோ. போற இடம் எனக்கு எழுதிக் கிடக்கு" என்றார். குணலட்சுமி மாமி அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை.

மாமிக்கு இதில் ஒரு நிரந்தரக் கோபம் இருந்தது. தொண்ணூறில் பங்கர் வெட்டினபோது, மேலே போட மரம் வேண்டுமென்று வடக்கு வேலியில் நின்ற ஆறு பனைகளைத் தறித்தார்கள். அந்த இடத்தில் புதிதாகக் கொட்டை போடச் சொல்லி மாமி ஒவ்வொரு ஆவணியும் கேட்பார்.

"பனை காய்க்க இருவது வருசம் செல்லும். அந்த நேரம் நொங்கு குடிக்க நான் இருக்கமாட்டன். திரும்பியும் வரமாட்டன்" என்பார் மாமா.

"நீங்கள் வரமாட்டியள். மற்ற ஆக்கள் வருவினம்தானே?"

"அவை நடட்டும்."

நான் ஒருநாள் அவர்கள் வாசல் படலைக்குப் பக்கத்து மதிலில் 'மோட்சம் போகும் பஸ் இவ்விடம் நிற்கும்' என்று சோக்குக் கட்டியால் எழுதிவிட்டேன். பின்னேரம் பார்த்தால் அதற்குக் கீழே மாமாவின் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு.' எட்டாம் வகுப்புக்குப் பிறகு என் பள்ளிக்கூடம் சண்டையால் மூன்று இடம் மாறியது. நான் இரண்டாவது இடத்தோடு நின்றுவிட்டேன். நான் எழுதினதைத் திருத்தாமல் அதன்மேல் கட்டி எழுதின முதல் ஆள் மாமாதான்.

இப்படி இருந்த மனிதரை ஒரு ரயில் வந்து மோதியது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. தண்டவாளத்தைக் கிளப்பிச் சனம் பங்கருக்கு வைத்துவிட்டது. வந்து மோதினது ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி ஓடின ரயில்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று மாமாவின் தமக்கை பத்மாவதி மாமி மீசாலையிலிருந்து வந்து நின்றார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் முற்றத்தில் இருந்தோம். மாமா வழக்கம்போலத் தன் கேதுவை எடுத்தார். தமக்கையார் வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே சிரித்தார்.

"நீ பிறந்த அண்டைக்கு நான் படலையிலை நிண்டு அழுதது இப்பவும் ஞாபகம், தம்பி."

"தம்பி பிறந்ததுக்கு ஏனக்கா அழுதனீங்கள்?"

"உனக்கு ஆர் அழுதது? சித்தப்பா கொழும்பிலையிருந்து பொம்மை கொண்டு வாறன் எண்டவர். மெயில் ரயிலிலை வரவேணும். மெயில் வரேல்லை. வவுனியாவுக்கு அங்காலை ஆனை மறிச்சுப்போட்டுதாம். ரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றது.

"அக்கா, மெயில் கோண்டாவிலிலை ஊதேக்கை நான் பிறந்தனான் எண்டுதானே அம்மா சொல்லுறவ?"

"ஓம். அது ஊதவும் நீ கத்தவும் சரியா இருந்தது."

விஷயம் இதுதான். மாமா பிறந்தபோது அவருடைய தகப்பன் தெற்கே காலி நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்து சாதகம் எழுதுவிக்கப் போனபோது, பெண்கள் "மெயில் ஊதேக்கை" என்று சொல்ல, அவர் ரயில் அட்டவணையைப் பார்த்து நேரம் கொடுத்திருக்கிறார். அட்டவணையில் ஆனை இல்லை.

மாமா அடுத்த நாளே ஓலையைத் தூக்கிக்கொண்டு கோப்பாயில் ஒரு சாத்திரியாரிடம் போனார். காவலுக்கு என்னையும் சைக்கிளில் வரச் சொல்லி குணலட்சுமி மாமி அனுப்பினார். சாத்திரியார் இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டி, விரல் மடித்து, பெருமூச்சு விட்டார்.

"லக்கினம் ஒரு வீடு தள்ளிப் போச்சுது. கேது இப்ப பதினொண்டிலை."

"பதினொண்டு எண்டால்?"

"லாப ஸ்தானம். நல்ல இடம். தோட்டம் துரவு பெருகும், கையிலை காசு புழங்கும்."

"எனக்கு என்னத்துக்கு லாபம்? மோட்சம் எங்கை?"

"அது... இந்தப் பிறப்பிலை தெரியேல்லை."

வரும் வழியெல்லாம் மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தார். மூன்று நாள் கழித்து நான் பம்ப் கேட்டுப் போனேன். கையில் தந்தவர் படலைவரை பின்னால் வந்தார்.

"பிள்ளை, கவனமா வைச்சிருந்து திருப்பித் தா. இனியும் தேவைப்படும்."

எனக்கு அந்தப் பம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் போல இருந்தது. ஒரு மாதம் மாமா அப்படித்தான் இருந்தார். ஷெல் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் பங்கருக்குள் இறங்கினார். பல் விளக்காமல்.

அவரைத் தூக்கிவிட்டது ஒரு மல்லிச் சரை. பொருளாதாரத் தடையில் கடதாசி கிடையாத காலம். பக்கத்தூர்த் திருநெல்வேலிச் சந்தையில் பழைய புத்தகங்களைக் கிழித்துச் சரை சுற்றித்தான் சாமான் கொடுப்பார்கள். மாமி மல்லியைக் கொட்டிவிட்டு எறிந்த தாளை மாமா எடுத்து விரித்தார். எந்தப் புத்தகத்தின் தாளோ தெரியாது. தலைப்புப் பக்கம் யார் வீட்டுச் சீரகத்தோடு போனதோ. அதில் சமணருடைய மோட்சத்தைப் பற்றி எழுதியிருந்தது.

எங்கள் கோவில் கதைகளில் சமணர் என்றால் கடைசியில் தோற்கிற கட்சி. அதற்குமேல் அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாமா அந்தத் தாளை எங்களுக்கு உரக்க வாசித்தார். உயிர் இயல்பிலே இலேசானதாம். மேலே போவதுதான் அதன் குணமாம். செய்கிற வினையெல்லாம் மண்ணைப்போல வந்து ஒட்டுவதால்தான் அது கனத்துத் தாழுகிறதாம். காய்ந்த சுரைக்குடுவைக்கு எட்டுத்தரம் மண் பூசித் தண்ணீரில் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். மண் கரையக் கரைய எழும்பும். முழுக்கக் கரைந்தால் மேலே வந்துவிடும். உயிரும் அப்படியே. உயிரொன்றையும் கொல்லாமல், இருக்கிற இடத்தை மயிலிறகால் கூட்டி, பொழுது படமுன் உண்டு, புதிதாக மண் ஒட்டாமல் பார்த்து, ஒட்டினதைத் தவத்தால் கழுவவேண்டும். கழுவிவிட எந்தத் தெய்வமும் வராது. அவரவர் கழுவவேண்டியது. அப்படி எழும்பின உயிர்கள் உலகத்தின் உச்சியிலே போய்...

அதோடு தாள் கிழிந்திருந்தது.

"போய் என்ன செய்யினமாம்?" என்று மாமி கேட்டார்.

"தெரியேல்லை."

"மற்றத் துண்டிலை ஆருக்கோ உளுந்து சுத்திக் குடுத்திருப்பான்."

மாமா சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "இஞ்சாரும், இதிலை கேதுவும் இல்லை, ரயிலும் இல்லை. ஆனை மறிக்க ஒண்டுமில்லை. நானே கழுவிப்போட்டு நானே போகலாம்."

அன்றிலிருந்து உரும்பிராயில் ஒரு சமணர் உண்டானார். உயிர்களிலே கை வைக்கக்கூடாது என்பது முதல் விதி. வெங்காயம் பிடுங்குகிற நேரம். மாமா பாத்தி வரம்பில் நின்றுகொண்டு, ஒரு வெங்காயத்தை இழுத்தால் வேரோடு எத்தனை புழு பூச்சி வருகிறது என்று கணக்குச் சொன்னார். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினார்.

"பிடுங்காட்டி விடுங்கோ. தின்னாமலும் விடுங்கோ."

"தின்னமாட்டன்."

தின்னவும் இல்லை. வெங்காயத் தோட்டக்காரர் வெங்காயமில்லாத பூசணிக்காய்க் கறியோடு சோறு தின்றார். சைக்கிளில் போனால் எறும்பு வரிசையைக் கண்டதும் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுவார். முருகனுக்கு யாரோ நேர்ந்துவிட்ட மயிலிறகுக் கட்டொன்றைக் கேட்டு வாங்கி, இருக்கிற இடத்தையெல்லாம் கூட்டிவிட்டுத்தான் இருப்பார். பொழுது படமுன் சாப்பாட்டை முடித்துவிடுவார். இது மட்டும் புதினமில்லை; மண்ணெண்ணெய் விற்ற விலையில் யாழ்ப்பாணம் முழுக்கப் பொழுது படமுன்தான் சாப்பிட்டது. தோட்டத்துக்கு மருந்து அடிப்பதையும் விட்டார். மருந்தும் தடையால் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. "அரசாங்கமே எங்களைச் சமணராக்கிப் போட்டுது, நீ மட்டும் என்ன புதுசா?" என்று ஒழுங்கையில் அவரைப் பகிடி பண்ணினார்கள்.

கோவில் மடத்தில் பொன்னம்பல வாத்தியார் விடவில்லை. கோவிலில் புராணம் படிக்கும்போது பொருள் விரித்துப் பயன் சொல்லுகிறவர். விட்டால் அவருக்கு மரியாதை இல்லை.

"சபாபதி, உயிர் செம்பு மாதிரி. ஆணவம் அதிலை ஊறின களிம்பு. செம்பு எப்ப இருந்துதோ அப்பவே களிம்பும் இருந்தது. அதை நீர் கழுவேலாது. திருவருள்தான் கழுவ வேணும்."

"களிம்பு புளி போட்டுத் தேய்ச்சா போகும் வாத்தியார். எங்கடை வீட்டிலை கிழமைக்கு ஒருக்கா போகுது."

"புளியை ஆர் போடுறது? செம்பு எழும்பிப் போய்ப் பானைக்குள்ளை கைவிட்டுப் புளி எடுக்குமோ?"

மடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அது அவருக்குள்ளே எங்கேயோ குத்திவிட்டது. வீட்டுக்கு வந்தவர் பரணில் கிடந்த சுரைக்குடுவையை எடுத்தார். எழுதினது உண்மையா என்று கையால் பார்த்துவிடத் தீர்மானித்துவிட்டார்.

நாளுக்கு ஒரு பூச்சாக எட்டு நாள் செம்மண் பூசிக் காயவைத்தார். எங்கள் ஊர்ச் செம்மண் காய்ந்தால் அலவாங்குக்கும் அசையாது. ஒன்பதாம் நாள் கிணற்றடித் தொட்டியில் விட்டார். குடுவை நல்ல பிள்ளையாக அடியில் போய்க் கிடந்தது. மாமா காலையும் மாலையும் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து பார்த்தார். மூன்று நாள். தண்ணீர் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் எழும்பிப் போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சாத்திரியார் வீட்டிலிருந்து வந்த அன்றைக்கும் அப்படித்தான் எழும்பினார்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மாமாவும் மாமியும் கோவிலுக்குப் போன நேரம் நான் எங்கள் கொக்கத்தடியோடு வேலியால் நுழைந்தேன். மாங்காய் ஆய்கிற தடி எட்டாத இடம் கிடையாது. சுரண்டு சுரண்டென்று சுரண்டினேன். அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய கட்டி கழன்றதுதான் தாமதம், குடுவை தொட்டிக்கு வெளியே பாயப் பார்த்தது. சேற்றுத்தண்ணீர் என் முகமெல்லாம். வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி இரண்டு அடியும் வாங்கினேன்.

கோவிலால் வந்தவர் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. "வந்திட்டுதெல்லே! பாரும், வந்திட்டுதெல்லே! தானா வந்திட்டுது!" அந்தக் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு மடத்துக்கே போனார். அன்றைக்கு நான் சைக்கிள் பம்ப் கேட்டேன். எங்கள் சைக்கிளுக்குக் காற்றுத் தேவையே இல்லை.

"கொண்டு போ. திருப்பித் தராட்டிலும் பரவாயில்லை."

கார்த்திகை மழை தொடங்கினது. மாமா வீட்டுப் பங்கர்தான் எங்களுக்கும் பங்கர். மழைக்குத் தவளையும் அட்டையும் படியிலே ஏறி இருக்கும். பொம்மர் வந்தால் மாமா முதலில் நின்று மயிலிறகால் படி படியாகக் கூட்டி, அவற்றைப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் எங்களை விடுவார். மேலே விமானம் சுற்ற, கீழே அவர் தவளைக்கு வழிவிட, நடுவிலே நாங்கள் கோவில் வரிசை போல நிற்போம். மாமி வாய்க்குள் திட்டிக்கொண்டு நிற்பார்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். இரைச்சல் கேட்டதும் என் தம்பி, ஐந்து வயது, பழக்கத்தில் முதல் ஆளாக ஓடினான். மாமா மயிலிறகை எடுக்கமுன் அவருடைய காலுக்குள்ளால் நுழைந்து உள்ளே குதித்துவிட்டான். மாமா ஒரு படி இறங்கினார். நின்றார். கையைப் பின்னால் நீட்டி எங்களை மறித்தார்.

தம்பி மூலையில் நின்றான். அவனுக்கும் படிக்கும் நடுவில் ஒரு புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. கைமொத்தம். குக்கர் ஆவி விடுகிறமாதிரிச் சீறிக்கொண்டிருந்தது.

"அசையாதை ராசா. அப்பிடியே நில்லு" என்றார் மாமா. பிறகு பாம்பைப் பார்த்து அதே குரலில், "போ ராசா. அங்காலை போ" என்றார். மயிலிறகை மெல்ல நீட்டினார். பாம்பு இறகைக் கொத்தியது. பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற மண்வெட்டி பங்கர் வாசலில் சாத்தியிருந்தது. மாமா அதைப் பார்த்தார். நானும் அவர் அதைப் பார்ப்பதைப் பார்த்தேன். அந்தத் தாளையும், பூசணிக்காய்க் கறியையும், தூக்கித் தாண்டின சைக்கிளையும் நினைத்துக்கொண்டேன். எடுக்கமாட்டாரோ என்று பயந்தேன்.

கோப்பாய்ப் பக்கம் முதல் குண்டு விழுந்தது. நிலம் உதறியது. தம்பி கத்திக்கொண்டு காலை எடுத்து வைத்தான். பாம்பு அவன் பக்கம் தலையைத் திருப்பியது.

ஒரே வெட்டு. மாமா கண்ணை மூடவில்லை.

பிறகு எல்லாரும் உள்ளே இறங்கினோம். இரண்டு துண்டுப் பாம்பும் நாங்களும் கால் மணித்தியாலம் ஒரே கிடங்குக்குள் இருந்தோம். அம்மா தம்பியை மடியிலே வைத்து அமத்திக்கொண்டிருந்தார். வாலைக் கையில் எடுத்துப் பார்க்கலாமோ என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரைச்சல் ஓய்ந்ததும் மாமிதான் முதலில் வாய் திறந்தார். ஆறேழு வருஷக் கோபம் அந்தக் குரலில் இல்லை.

"இஞ்சருங்கோ... உங்கடை மோட்சம்?"

"தெரிஞ்சுதான் வெட்டினனான்" என்றார் மாமா. "தெரியாமல் வெட்டினா கொஞ்சம் ஒட்டும். தெரிஞ்சு வெட்டினா நல்லா ஒட்டும். ஒட்டட்டும்."

பாம்பை வேலியோரம் புதைத்து, மயிலிறகையும் அதோடு வைத்தார். பின்னேரம் பொன்னம்பல வாத்தியார் கேள்விப்பட்டு வந்தார். வாதாட வரவில்லை, ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"சபாபதி, பிள்ளையைக் காப்பாத்தச் செய்தது பாவமில்லை. மனசைப் போட்டு அலட்டாதையும்."

"பாம்பைக் கேட்டுச் சொல்லும் வாத்தியார்."

"நான் சொல்லுறது..."

"பாவமில்லை எண்டு சொல்லாதையும். பாவமில்லாட்டி நான் அந்தப் பெடியனுக்காக என்னத்தை விட்டனான்? வெறும் பாம்படிச்சதாப் போகும்."

வாத்தியார் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "நீர் சைவனுமில்லை, சமணனுமில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழும்பிப் போகும்போது மாமாவின் தோளிலே கையை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிய, வடக்கு வேலிப் பக்கம் அலவாங்குச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா கிடங்கு கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கடகம் நிறையப் பனங்கொட்டை. மாமி கடகத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"ஆறு தறிச்சனாங்கள். பன்ரண்டு போடுவம்" என்றார் மாமா என்னைக் கண்டு. "இருவது வருசத்திலை நான் வரேக்கை தாகமாயிருக்கும்."

"என்னவா வருவியள் மாமா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? அணிலா வந்தாலும் மரம் வேணும். மனிசனா வந்தாலும் நொங்கு வேணும். இந்தப் பக்கமிருந்து மூண்டாவது என்ரை. வேறை ஆரும் ஏறினா சத்தம் போடு."

குரல் பழைய குரல். சாதகம் இருந்தபோது இருந்த அதே குரல். அப்போது போகப்போகிறேன் என்று சொன்னதை, இப்போது வரப்போகிறேன் என்று சொன்னார்; நிச்சயம் துளியும் குறையவில்லை.

நான் கொட்டையொன்றை எடுத்து மூன்றாவது கிடங்கில் வைத்தேன். மாமா மண்ணை இழுத்து மூடிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"தொட்டிக்குள்ளை கொக்கத்தடி விட்டது நீதானே?"

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. தானாக் கரைஞ்சா மண் வழுவழுப்பாப் போகும். குடுவையிலை கீறல் கீறலாக் கிடந்தது."

"தெரிஞ்சும் ஏன் மடத்துக்குக் கொண்டு போனனீங்கள்?"

"வந்ததுதானே? ஆரோ ஒராளின்ரை கை பட்டு வந்தது. புளியை ஆர் போடுறது எண்டு வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்குச் சொல்லேல்லை. சொன்னா துள்ளுவார்." அலவாங்கை ஊன்றி நிமிர்ந்தார். "நீயும் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. எழுதத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது தொண்ணூற்றைந்து. பன்னிரண்டில் ஒன்பது முளைத்து, முழங்கால் உயரத்துக்குக் குருத்தோலை விட்டிருக்கின்றன. மாமா மீண்டும் வெங்காயம் தின்கிறார். எறும்பைக் கண்டால் இன்னும் சைக்கிளைத் தூக்குகிறார். பனங்கன்றுக்கு உலகத்தில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாவதற்கு நான் ஊற்றுகிறேன். யாராவது கண்டு கேட்டால், வாளி கழுவின தண்ணீர் என்று சொல்லுவேன்.